லோடு வண்டின்னா டீசல்தானா? ஒரு வாட்டர் கேன் வீட்டின் 56 கிலோமீட்டர் கணக்கு!

திண்டுக்கல்லில் வீடு வீடாக வாட்டர் கேன் போடுகிறவர் அவர். வயது 34. மூன்று வருடமாக வாடகைக்கு எடுத்த ஒரு பழைய குட்டி யானையில்தான் தொழில் நடக்கிறது. மாதம் பிறந்தால் வாடகைக்கே பெரிய தொகை போய்விடுகிறது. அதையே இ.எம்.ஐ-யாகக் கட்டினால் வண்டியாவது சொந்தமாகும் என்று புருஷனும் பொண்டாட்டியும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். முன்பணத்துக்காக மனைவியின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

எந்த வண்டி என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. டீசல்தான். காரணம், சொன்னது தாய்மாமா.

மாமா சாதாரண ஆள் இல்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு 22 வருடமாகக் கேரளாவுக்கு ஓட்டுகிறவர். உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு என்று எந்த இடத்தில் எந்த கியரில் ஏறணும் என்பது அவருக்கு மனப்பாடம். இடையிடையே பழனி மலைப்பாதை வழியாகக் கொடைக்கானலுக்கும் லோடு அடிப்பார். "மாப்ள, லோடுன்னா டீசல்தான்டா. பெட்ரோல்ல லோடு ஏத்துனா, நீ சம்பாதிக்கிறது பூரா பங்க்காரனுக்குத்தான்" என்றார். மருமகனும் "சரி மாமா" என்று ஷோரூமுக்குப் போய் பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்தார்.

அன்று ராத்திரி கேன் கணக்கு நோட்டை எழுதிக்கொண்டிருந்த மனைவி, தலையை நிமிர்த்தாமலேயே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க, மாமா ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவாரு?"

"இருநூத்தி அம்பதுக்குக் குறையாது."

"நீங்க?"

அவருக்குப் பதில் தெரியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கேன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் அதுவரை கேட்டதில்லை.

மாமா சொன்னதில் பொய் இல்லை

மாமாவின் ஓட்டத்துக்கு டீசலை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து சுமார் பத்தில் ஒரு பங்காக அமுக்கப்படும். பிறகு ஸ்பார்க் பிளக் பொறி வைக்கும். டீசல் இன்ஜினில் பிளக்குக்கு வேலை இல்லை. வெறும் காற்றை மட்டும் பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காகப் போட்டு அமுக்குவார்கள். அந்த அமுக்கத்திலேயே காற்று 500 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். 1890-களில் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் இந்த வழியைப் பிடித்ததால்தான் எரிபொருளுக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த முறையில் எரிபொருள் வீணாவது குறைவு. போதாததற்கு ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவிகிதத்துக்கும் மேல் கூடுதல் சக்தி இருக்கிறது. மைலேஜ் கூடுவதற்கு இவை இரண்டும் காரணம். இன்னொன்று இழுவை. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே டீசலில் முழு இழுவை கிடைத்துவிடும். ஒன்றரை டன் தக்காளியோடு கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது, இன்ஜினை அலறவிடாமல் ஏற முடிகிறது என்றால் அது இதனால்தான். பெட்ரோலில் அதே இழுவை வேண்டுமென்றால் இன்ஜினை வேகமாகச் சுற்ற விட வேண்டும். சுற்றினால் குடிக்கும்.

ஒன்றரை டன் ஏற்றுகிற பிக்கப்களில் இன்றைக்கும் பெரும்பாலும் டீசல், இல்லையென்றால் சி.என்.ஜி தான் கிடைக்கிறது. மாமா பெட்ரோல் வண்டியை நினைத்துக்கூடப் பார்க்காததில் ஆச்சர்யம் எதுவும் இல்லை.

ஆனால், மருமகன் ஏற்றுவது ஒன்றரை டன் இல்லை. 20 லிட்டர் கேன் ஒன்று, கேனின் எடையையும் சேர்த்தால் 21 கிலோவுக்குள். ஒரு நடைக்கு 35 கேன். முக்கால் டன்னுக்குக் கீழே. மலையும் கிடையாது. ஆர்.ஓ பிளான்ட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் வந்து, பிறகு தெருத்தெருவாக நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். நல்லவேளையாக அந்த வாடகை வண்டியில் ஓடோமீட்டர் வேலை செய்தது. ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதினார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 45 கிலோமீட்டர்.

நோட்டில் போட்ட கணக்கு

மனைவி போட்ட கணக்கு இதுதான். வண்டி வாங்க நினைக்கும் யாரும் தங்கள் எண்களை மாற்றிப்போட்டு இதைச் செய்து பார்க்கலாம்.

மைலேஜுக்கு கம்பெனி நோட்டீஸை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதே தொழிலில், அதே ஊரில் ஓட்டுகிறவர்களைக் கேட்டார்கள். தெருவுக்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் டீசல் 17, பெட்ரோல் 14 என்று தெரிந்தது. விலைக்கு ஊர் பங்க் ரேட்டை முழு ரூபாயாக்கி பெட்ரோல் 102, டீசல் 93 என்று வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு பெட்ரோல் செலவு 7 ரூபாய் 29 காசு. டீசல் செலவு 5 ரூபாய் 47 காசு. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 82 காசு டீசலில் மிச்சம்.

மாதத்துக்கு 26 நாள் ஓட்டம். 45 கிலோமீட்டர் வீதம் 1,170 கிலோமீட்டர். டீசலில் மாதம் மிச்சமாவது 2,129 ரூபாய்.

இதோடு நிறுத்தியிருந்தால் மாமா ஜெயித்திருப்பார். பெரும்பாலான வீடுகளில் இதோடுதான் நிறுத்துகிறார்கள். அவர் அடுத்த வரியையும் எழுதினார். அவர்கள் பார்த்த இரண்டு வண்டிகளில் டீசல் வண்டி, எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் கூடுதல். அந்த ஒரு லட்சமும் கடன்தான். 12 சதவிகித வட்டியில் நாலு வருடத்துக்கு அதன் இ.எம்.ஐ மாதம் சுமார் 2,633 ரூபாய்.

அதாவது மாதாமாதம் 2,129 ரூபாயை மிச்சம் பிடிக்க 2,633 ரூபாய் கட்ட வேண்டும். கையிலிருந்து 500 ரூபாய் போகும். நாலு வருடம் இப்படியேதான். கடன் முடிந்த பிறகுதான் டீசல் வண்டி லாபம் காட்டத் தொடங்கும். அதுவரை போட்டதை எடுக்கவே இன்னும் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும். ஆக, ஐந்து வருடம் கழித்துத்தான் இரண்டு வண்டியும் சமமாகும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல எண் கிடைக்கிறது. 2,633-ஐ 1.82-ஆல் வகுத்து, அதை 26 நாளால் வகுத்தால் 56. ஒரு நாளைக்கு 56 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் முதல் மாதத்திலிருந்தே டீசல் லாபம். அதற்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும். மாமாவின் 250 கிலோமீட்டருக்கு இதே வித்தியாசத்தை வைத்தால்கூட மாதம் 11,830 ரூபாய் மிச்சம். அவருக்கு இது கேள்வியே இல்லை.

விலை மாறினால் 56-ம் மாறும். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இடையே விலை வித்தியாசம் குறையக் குறைய இந்த எண் ஏறும். ஒரு காலத்தில் டீசல் விலையை அரசாங்கமே கட்டுப்படுத்தி வைத்திருந்தது. லிட்டருக்கு இருபது, முப்பது ரூபாய் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு போனது. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு, டீசல் 92 ரூபாய் 34 காசு. எட்டு ரூபாய் சொச்சம்தான் வித்தியாசம். மாமா வண்டி ஓட்ட ஆரம்பித்த காலத்து டீசல் இல்லை இது.

விளக்கு எரிந்தால் பைபாஸுக்குப் போ!

ஐந்து வருடத்தில் சமமாகிவிடும் என்றால் டீசலே எடுத்துவிடலாமே என்று அவருக்கும் ஒரு சபலம் இருந்தது. விற்கும்போது டீசல் லோடு வண்டிக்கு ஆள் சீக்கிரம் கிடைக்கும், விலையும் கூடுதலாகப் போகும். புரோக்கர்கள் சொல்லும் இந்த விஷயம் உண்மைதான். அவரைத் தடுத்தது, அதே தொழிலில் இருக்கும் ஒரு நண்பர்.

நண்பர் ஒரு வருடத்துக்கு முன்பு புது டீசல் வண்டி எடுத்தவர். எட்டு மாதத்தில் மூன்று முறை மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் சொன்ன வைத்தியம்: "பைபாஸ்ல ஏத்தி, இருபது நிமிஷம் நிறுத்தாம ஓட்டுங்கண்ணே, சரியாயிடும்." இப்போது வாரம் ஒரு நாள், கேன் ஏதும் இல்லாமல், வேடசந்தூர் ரோட்டில் சும்மா ஓட்டிவிட்டு வருகிறார். அந்த டீசல் எந்தக் கணக்கிலும் வராது.

இதற்குக் காரணம் 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பி.எஸ் 6 விதி. புது டீசல் வண்டிகள் பலவற்றில் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப் என்ற ஒரு வடிகட்டி இருக்கிறது. டீசல் புகையில் இருக்கும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குப் புகைப்பாதை 550, 600 டிகிரி வரை சூடாக வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டியில் இது தானாக நடந்துவிடும். டிரைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. இருநூறு மீட்டருக்கு ஒருமுறை நின்று, கேன் இறக்கி, மறுபடி கிளம்புகிற வண்டியில் அந்தச் சூடு வரவே வராது. கரி சேர்ந்துகொண்டே போகும். விளக்கைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வண்டி இழுவையைக் குறைத்துக்கொள்ளும். அடைப்பு முற்றினால் வடிகட்டியையே மாற்ற வேண்டியதுதான். அந்த பில் சின்னது இல்லை.

'அந்த டப்பாவை வெட்டி எடுத்துடலாம், ஒண்ணும் ஆகாது' என்று சொல்லும் மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது சட்டப்படி தப்பு. வாரன்டியும் அதோடு போய்விடும். ஊரார் சுவாசிக்கும் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மாமாவின் வண்டி 2014 மாடல். அதில் இந்த வடிகட்டி கிடையாது. அவர் இந்த விளக்கைப் பார்த்ததே இல்லை. எனவே, அவர் அறிவுரையில் இது வர வாய்ப்பும் இல்லை.

பெரிய டீசல் வண்டிகள் சிலவற்றில் நீல மூடியோடு தனியாக ஒரு சின்ன டேங்க் இருக்கும். யூரியா கலந்த டி.இ.எஃப் திரவத்துக்கானது அது. அது தீர்ந்தாலும் வண்டி முரண்டு பிடிக்கும். வாங்கப்போகும் மாடலில் டி.பி.எஃப் இருக்கிறதா, டி.இ.எஃப் ஊற்ற வேண்டுமா என்று அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. கேட்டால்தான் சொல்வார்கள்.

குட்டி லோடு வண்டி செய்யும் கம்பெனிகளும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டன. 2016-ல் வந்த மாருதி சூப்பர் கேரி முதலில் டீசலில்தான் வந்தது. பி.எஸ் 6 வந்ததும் டீசல் நின்றுவிட்டது. இப்போது பெட்ரோலும் சி.என்.ஜி-யும்தான். 2005-ல் வந்த முதல் டாடா ஏஸில் இருந்தது 16 குதிரைசக்தி டீசல் இன்ஜின். ஏஸ் பெயரிலேயே பிறகு பெட்ரோல், சி.என்.ஜி, எலெக்ட்ரிக் என்று எல்லாம் வந்துவிட்டன. பெட்ரோல் ஏஸுக்கு 30 குதிரைசக்தி.

"அமெரிக்காக்காரனே பெட்ரோல்ல ஓட்டுறான் மாமா!"

விஷயத்தை மாமாவிடம் சொல்ல அவருக்குத் தயக்கம். சொன்னபோது மாமா சிரித்தார். "பெட்ரோல்ல லோடு வண்டியாடா?"

மருமகன் போனில் தேடி வைத்திருந்ததைக் காட்டினார். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-250 என்று ஒரு பிக்கப். நம்மூர் மினி லாரியோடு போட்டி போடும் உருவம். அதில் 7.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் உண்டு, 6.7 லிட்டர் டீசல் இன்ஜினும் உண்டு. டீசல் வேண்டுமென்றால் பத்தாயிரம் டாலர் அளவுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். போதாததற்கு அங்கே டீசல் விலை பெரும்பாலும் பெட்ரோலைவிட அதிகம். குதிரை வண்டியையும் படகையும் பின்னால் மாட்டி மலை ஏற்றுகிறவர்கள் டீசல் எடுக்கிறார்கள். ஏணியையும் பெயின்ட் டப்பாவையும் ஏற்றிக்கொண்டு டவுனுக்குள் சுற்றுகிறவர்களில் பலர் பெட்ரோலோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மாமா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சரியான இடத்தில் கை வைத்தார். "இன்னைக்கு நாப்பத்தஞ்சு ஓட்டுற. தொழில் வளராதா? நாளைக்கு எண்பது ஓட்டுவ. அப்ப என்ன பண்ணுவ?"

நியாயமான கேள்வி. மருமகனுக்கு முன்னால் மனைவி பதில் சொன்னார். "வளர்ந்தா அதே தெருவுல இன்னும் நாலு வீடு சேரும் மாமா. கேன்தான் கூடும். பிளான்ட்டுக்கு ஒரு நடை அதிகமாப் போகணும், அவ்வளவுதான். பத்து கிலோமீட்டர் கூடினாலும் அம்பத்தஞ்சுதான்."

மாமா நோட்டை வாங்கிப் பார்த்தார். 56 என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது.

சி.என்.ஜி ஏன் வேண்டாம் என்றார்கள்?

பெட்ரோலும் சி.என்.ஜி-யும் சேர்ந்த வண்டியையும் பார்க்காமல் இல்லை. கிலோமீட்டர் செலவில் மூன்றிலும் குறைவு அதுதான். டீசல் போலக் கரித் தொல்லையும் கிடையாது. அவருக்குச் சரிப்படாததற்குக் காரணம் வண்டி இல்லை, பங்க். அவர் ஏரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போய்வர 12 கிலோமீட்டர், வரிசையில் நிற்கிற நேரம் தனி. காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குள் தண்ணீர் போடாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த ஆளுக்கு போன் போட்டுவிடுவார். சிலிண்டரின் எடை, ஏற்றும் லோடில் கொஞ்சத்தைச் சாப்பிடும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் எடுக்க வேண்டும். போகிற வழியிலேயே பங்க் இருக்கிறவர்களுக்கு இதே சி.என்.ஜி முதல் இடத்துக்கு வந்துவிடும்.

எலெக்ட்ரிக்? 45 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. விலையும், வாடகை வீட்டில் சார்ஜிங்குக்கு இடம் இல்லாததும் தடுத்துவிட்டன. அது இந்தப் பகுதியில் இன்னொரு வாரத்துக்கான கதை.

ஷோரூமில் புக்கிங்கைப் பெட்ரோலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். முகம் சுளித்தாலும் அட்வான்ஸில் பிடித்தம் எதுவும் செய்யவில்லை.

வண்டி வந்த அன்று மாமா ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்தார். பூஜை முடிந்து, டயரில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும், "கேனை ஏத்துடா" என்றார். காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. 35 கேனும் ஏறியது. மேம்பாலத்தின் நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, முதல் கியரில் எடுத்தார். இன்ஜின் கொஞ்சம் சத்தம் போட்டது, ஆனால் ஏறியது. இறங்கி வரும்போது, "டவுனுக்குப் போதும்" என்றார். பிறகு, "எனக்கு அடுத்ததும் டீசல்தான்டா மாப்ள" என்று சேர்த்துக்கொண்டார்.

முதல் மாத முடிவில் மனைவியின் நோட்டில் ஓட்டம் 1,214 கிலோமீட்டர். போட்ட பெட்ரோல் 89 லிட்டர். வகுத்துப் பார்த்தால் மைலேஜ் 13.6. கணக்கில் 14 என்று வைத்தது கொஞ்சம் அதிகம்தான். பக்கத்திலேயே 102-ஐ 13.6-ஆல் வகுத்து, ஏழரை ரூபாய் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். 56-ஐ அடித்துவிட்டு 50 என்று மாற்றியிருக்கிறார். அன்றைய ஓட்டம் 47.